பின்வளவில் மக்கறோனி

1934 ஆவணி, புதன்கிழமை.

மலாயாவுக்குத் திரும்புமுன், அங்கே நான் என்னென்ன சாப்பிடுகிறேன் என்பதைப் பாக்கியத்துக்கு மறைக்காமல் காட்டிவிட நினைத்தேன். அவள் சுத்த சைவம். கலியாணம் முடிந்து இரண்டு மாதமாகியும் என்னோடு வருவதாக வாய் திறக்கவில்லை.

மாட்டிறைச்சியைக் குசினிக்குள் விடமாட்டாள். ஆகவே பின்வளவில் கல் அடுக்கி, புதுச் சட்டியில் நல்ல உறைப்பாகக் காய்ச்சினேன். கறி சரியாக வந்தது. பெட்டிக்குள் கொண்டுவந்த மக்கறோனிதான் மானத்தை வாங்கியது. அங்கே சமையற்காரன் ஆக்கித் தருவான், நானாக அவித்ததில்லை. அந்தக் கோதுமை மாக் குழல்களைப் பிட்டு அவிப்பதுபோல நீத்துப்பெட்டியில் வைத்தேன். எவ்வளவு ஆவி பிடித்தும் விறகாகவே கிடந்தன.

சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குசினி வாசலில் நின்றவள் சிரித்துவிட்டாள். "உதென்ன பிட்டே? சோறு மாதிரித் தண்ணியிலை போட்டு அவியுங்கோ."

அப்படியே அவித்து வடித்துக் கறிக்குள் கொட்டினேன். பிறகு அவள் தேங்காய் துருவிப் பிழிந்து, முதற்பாலைக் கொண்டுவந்து, சட்டியில் முட்டாமல் எட்ட நின்றே ஊற்றினாள். குழம்பு தடித்துக் குழல்களுக்குள்ளும் ஏறியது. வயிறு முட்டத் தின்றேன். அவள் வாயில் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

விளக்கைத் தணிக்கும்போது சொன்னாள்: "மிச்ச மக்கறோனியை உள்ளை எடுத்து வைச்சிருக்கிறன். நாளைக்குக் கத்தரிக்காய் போட்டுப் பாப்பம்." கொஞ்சம் பொறுத்து, "அங்கை வீட்டிலை ரண்டு அடுப்பு இருக்கோ?" என்றாள்.

"ஓம்" என்றுவிட்டேன். இருப்பது ஒன்றுதான். கப்பலால் இறங்கியதும் இரண்டாவதைக் கட்டிவிட வேண்டும்.