எட்டாம் நம்பர்க் கார்

சண்டிலிப்பாய்,
மார்கழி 3.

கட்டாரில் இருக்கும் என்ரை இஞ்சாருங்கோவுக்கு,

பெயர் எழுதலாம் என்றுதான் பேனையை எடுத்தேன். இருபத்திரண்டு வருசமாக வாயால் சொல்லாத பெயர், எழுதவும் கை கூசுகிறது. நான் நல்ல சுகம். நீங்களும் அந்த வெயிலில் கறுக்காமல் இருக்க மாவிட்டபுரத்துக் கந்தனை வேண்டுகிறேன். இனிக் கறுக்க இடமில்லை என்று பக்கத்து வீட்டுக் கஜானி சொல்கிறாள். நான் சொல்லவில்லை.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் ஒரு வசனம் சொல்ல முதல் நீங்கள் மூன்று வசனம் கத்துவீர்கள். கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது. உங்களோடு அங்கே வேலை செய்கிற தேனுஜன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

விசயம் இதுதான். நான் ஒரு கார் பார்த்திருக்கிறேன். இருங்கோ, பாயாதேங்கோ.

நீர்வேலி அருமைநாயகி ரீச்சர் பள்ளிக்கூடத்துக்கு ஓடின கார். கண் மங்கிவிட்டதால் அவ இனி ஓடமாட்டா. காருக்கு முப்பது வயசு. விலை ஏன் குறைவு என்றால், நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதாம். சனியின் நம்பர் என்று இரண்டு வருசமாக வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போய்விட்டார்கள். உங்கடை அண்ணையும் கேள்விப்பட்டு வந்து, உந்தக் காரை வாங்கி வளவுக்குள்ளை விடாதை பிள்ளை என்றார். நான் படித்ததும் எட்டாம் வகுப்பு, உங்கடை தம்பிக்குக் கழுத்தை நீட்டினதும் எட்டாம் திகதி, இரண்டையும் சமாளிச்சனான்தானே என்றேன். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

சுன்னாகத்தில் கராஜ் வைத்திருக்கிற சுபாங்கனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். காருக்குக் கீழே போனவன் அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை, நித்திரையோ என்று காலில் தட்டிப் பார்த்தேன். என்ஜின் கல்லு மாதிரி இருக்குதாம். பின் சீற்றுக்குக் கீழே கறள் தின்ற ஓட்டையால் ரோட்டுத் தெரிகிறது, தகரம் வைத்து ஒட்டித் தருவானாம். பிரேக்குக்கு மட்டும் புதுச் சாமான் போடவேணும், அதிலை விளையாடாதேங்கோ என்றான். வாங்கினால் முதல் வேலை அதுதான். கடைசியாகத் தலையைச் சொறிந்துகொண்டு, நாலு பேரோடை மலை ஏறாது அக்கா என்றான். எந்த மலையடா என்று கேட்டேன். எங்களுக்குத் தெரிந்த ஒரே மலை கீரிமலை. அங்கேயும் ஏறுகிறதில்லை, கேணிக்குள் இறங்குகிறதுதான்.

இனி நீங்கள் கோபிக்கிற பகுதி. கார்த்திகை மழைக்குள் தெல்லிப்பழையில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தேன். முழங்காலில் ஆறு தையல். வீடியோவில் முகத்தை மட்டும் காட்டினது அதனால்தான். இப்போது சுகம், படி ஏறும்போது மட்டும் முழங்கால் என்னோடு கதைக்கிறது. தை மாதத்தில் இருந்து காங்கேசன்துறை ஹோட்டலில் காலைச் சமையலுக்கு என்னைப் பொறுப்பாகப் போடுகிறார்கள். ஐந்தரைக்கு அடுப்படியில் நிற்க வேணும். அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை, இருட்டில் ஸ்கூட்டிக்கு இந்த முழங்கால் சரிவராது. நேரத்துக்கு வர முடியாதென்றால் வேறு ஆளைப் போடுவார்களாம். பதினொரு வருசம் அங்கே வெங்காயம் உரித்தவள் நான். அந்த இடத்தை விடமாட்டேன்.

லைசென்ஸும் எடுத்துவிட்டேன். முதல் தடவை கம்பத்தைத் தட்டிவிட்டேன், இரண்டாம் தடவை பாஸ்.

நான் வந்து புதுக் கார் வாங்கி உன்னை ஏத்திக்கொண்டு போறன் என்று நீங்கள் சொல்வது எனக்கு மனப்பாடம். கேட்கும்போது சந்தோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அப்படிச் சொல்லத் தொடங்கி வாறது ஏழாவது பொங்கல். குறை சொல்லவில்லை. நீங்கள் கார் ஓடுகிற அந்த வீட்டு மனுசியை நேரத்துக்கு வேலைக்குக் கொண்டுபோய் இறக்குவது உங்கள் வேலை. உங்கடை மனுசி தன்னைத் தானே கொண்டுபோய் இறக்கப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

ரீச்சர் பொங்கல் வரைக்கும் காரை வைத்திருப்பா. நீங்கள் ஓம் என்றால் சிரித்துக்கொண்டு வாங்குவேன். வேண்டாம் என்றால் கொஞ்சம் அழுதுபோட்டு வாங்குவேன். சிரித்துக்கொண்டு வாங்க விடுங்கோ.

நீங்கள் வரும்போது யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்கு நானே வந்து நிற்பேன். அங்கே நீங்கள் இடப்பக்கம் இருந்துதானே ஓடுகிறீர்கள். இங்கேயும் உங்களுக்கு இடப்பக்கம்தான், ஸ்டியரிங் மட்டும் இருக்காது. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பிரேக் பிரேக் என்று கத்தாமல், புகையிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். அப்படி ஒருக்கால் இருந்து பார்க்கவாவது, இந்த முறை வாங்கோ.

உங்கள் தலையிடி,
கேதீஸ்வரி