கதவுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். பேனா ஓடவில்லை. ஸ்கேன் படங்களைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பார்த்ததும் புரிந்துகொள்வாய். இடது பக்கம், பேச்சுப் பகுதியை ஒட்டி. இருபத்தைந்து வருடமாக நான் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளிய அதே கட்டி, இப்போது என் வீட்டுக்காரியின் தலைக்குள்.

போன மாதம் மகளோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டுக் கையிலிருந்த கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பெயர் வரவில்லை. அவள் வாய் ஓய்ந்து நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அன்றைக்கே ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன்.

இங்கேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டீன். என் துறையில் இருக்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கற்றவர்கள். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கத்தி வைப்பார்கள். நீ பார்க்கமாட்டாய். படிக்கிற காலத்தில் உன் உயரத்துக்கு ஆபரேஷன் மேஜையை ஏற்றிக்கொண்டு என்னை ஸ்டூல் மேல் நிற்கவைத்தவன்தானே நீ. அதனால்தான் உன்னிடம் கூட்டிவருகிறேன்.

நோயாளிகள் எத்தனை மாதம் உயிரோடு இருந்தார்கள் என்று வகுப்பில் நான் காட்டும் வரைபடம் நினைவிருக்கும். கட்டியை முழுதாக எடுத்தவர்களுக்கு மேல் கோடு, மிச்சம் விட்டவர்களுக்குக் கீழ்க் கோடு. மிச்சம் விடாதே, மாதங்களைக் கொடு. என் மொத்தப் பாடமும் அதுதான். பேராசிரியர் பதவி வந்ததும் அதனால்தான். நேற்று சாப்பிடும்போது, "நான் எந்தக் கோட்டுல இருக்கேன்?" என்று கேட்டாள். நான் மோர் ஊற்றச் சொன்னேன்.

எனக்கு அந்த மாதங்கள் வேண்டாம், நெட்டை. அவள் பேச்சு வேண்டும். பேசாத அவளோடு அந்த வீட்டில் எப்படி இருப்பேன்? ஆனால் அவள் முடிவு வேறு. மகளுக்கு இது ஏழாம் மாதம். "பேச்சு போனா போகட்டும். ஊருக்கெல்லாம் சொல்றீங்கல்ல, அதே மாதிரி முழுசா எடுக்கச் சொல்லுங்க. பேரப்பிள்ளைய மடியில வச்சுக்க வாய் எதுக்கு?" என்றாள். இத்தனை வருஷம் பேசினதுக்கு நீங்க என்ன பதில் சொல்லிக் கிழிச்சீங்க என்று சிரிக்க வேறு செய்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. உன் நோயாளி அவள், நான் இல்லை. அவள் சொன்னபடியே செய்.

எந்த இடத்தைத் தொட்டால் பேச்சு தடுமாறுகிறது என்று தெரிய, அவளை விழிக்கவைத்து, பேசவைத்துக்கொண்டேதான் எடுப்பாய். படம் காட்டிப் பெயர் கேட்டால் சொல்வாள். நடுவில் உன் சர்க்கரை அளவையும் விசாரிப்பாள். பொறுத்துக்கொள். ஒரு கணவர் ஆபரேஷன் தியேட்டரில் மயங்கி விழுந்த பிறகு, சொந்தக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று விதி போட்டவன் நான். அதை உன் மருத்துவமனைக்கும் கொண்டுபோனவன் நீ. டாக்டர்தானே என்று எனக்காகத் தளர்த்தாதே. உள்ளே இருந்தால் அவள் நாக்கு முதல்முறை தடுமாறும்போதே உன் கையைப் பிடித்துவிடுவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஓரிடத்தில் அவள் பேச்சு நின்றுவிட்டால், அதற்கு முன்பு என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதை மனதில் வாங்கி வை. வெளியே வந்ததும் முதலில் அதைச் சொல். கட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம். என்னைத் திட்டியிருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் சொல்.

உன் கை நன்றாக இருக்கட்டும்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கப்போகும்,
குட்டை