முயலகனுக்கு எண்ணெய்

ஆனி மாதம், வியாழன் இரவு.

இன்று கோயிலில் எண்ணெய்க்காப்பு; கும்பாபிஷேகத்துக்கு முன் எல்லோரும் சாமி சிலைக்கு எண்ணெய் வைக்கிற நாள். புதுக் கருங்கல் நடராசரை நாங்கள் கையால் தொட இந்த ஒரு நாள்தான். எல்லோரும் தூக்கிய காலுக்கே எண்ணெய் தேய்த்தார்கள். ஊன்றிய காலின் கீழ் மிதிபட்டுக் கிடக்கிற முயலகனை ஒருவரும் பார்க்கவில்லை. பாவமாக இருந்தது. குனிந்து அவன் முதுகில் தடவினேன்.

“அவன்தாம்மா அறியாமை. சாமி அவனைக் கொல்லல, எந்திரிக்காம அமுக்கி வச்சிருக்கார்,” என்றார் ஐயர்.

பக்கத்தில் என் நாத்தனார் நின்றாள். யட்டவத்த என்ற ஊரிலிருந்து என் மகளுக்கு வந்த சம்பந்தத்தைக் கோள் சொல்லிக் கலைத்தவள். அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சில்லை.

“மிதிபட்டவனுக்கெல்லாம் எண்ணெய் வைக்கிறீங்க அண்ணி. எனக்கு ஒரு வார்த்த கெடையாதா?”

“அவன் கோள் சொல்ல மாட்டான்.”

சொன்ன பிறகுதான் பேசிவிட்டது தெரிந்தது. அவள் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. நாளைக்குக் கும்பாபிஷேகத்துக்குச் சேர்ந்து போவோமா என்று கேட்டாள். சரி என்றுவிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் நினைக்க வேண்டாம். நடந்தது ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. விடிந்ததும் இதை மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் தெரியவில்லை.