குழாயும் வாளியும்

நேற்று விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சையைக் குவித்து வைத்திருந்தார்கள். வெயிலில் வெடித்த பழங்களின் மணம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தது. நீங்கள் இறந்து நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹாவுக்கு வந்தவன், அந்த வண்டியைத் தாண்ட முடியாமல் டீக்கடை ஓரமாகப் பத்து நிமிடம் நின்றேன். மற்றவர்களுக்கு அது பழ வாசனை. எனக்குத் தீக்காய வார்டு. இதைச் சொன்னால் விளங்கிக்கொள்ள எனக்கு நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

என் மனைவி பேச்சியம்மாள் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போனாள். நான் சிவகாசியில் அச்சகத்தில் பைண்டிங். பக்கத்து அறை வெடித்ததில் அவளுக்கு இரண்டு கைகளும் முதுகும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கழிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்றார்கள். அவளும் தேறித்தான் இருந்தாள். நான் கஞ்சி ஊட்டினால், "பைண்டிங் பசை மாதிரியில்ல காய்ச்சியிருக்கீக, புஸ்தகம் ஒட்டவா?" என்று வைவாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏங்க, எரியுது. கொஞ்சம் நனைங்க" என்பாள்.

பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் நாளே மனத்தில் பதிய வைப்பது தண்ணீரை. ஒவ்வொரு அறை வாசலிலும் டிரம் நிறையத் தண்ணீர் நிற்கும். யாருக்குச் சுட்டாலும் முதலில் அங்கேதான் ஓடுவார்கள். அவளுக்கு அதில்தான் நம்பிக்கை. எனக்கும் அப்படியே. வார்டுக் குழாயில் பிடித்த தண்ணீர், கட்டிலுக்கடியில் ஒரு சிவப்பு வாளியில் இருந்தது. மக்கில் மொண்டு துணிக்கட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். அவள் கேட்கும்போதெல்லாம் விட்டேன். கட்டு காய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அப்படிச் செய்யாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. இதை இன்றைக்கும் அழுத்தித்தான் சொல்வேன்.

ஒன்பதாம் நாள் காலையில் காய்ச்சல். பக்கத்தில் குனிந்தால் திராட்சை வாசனை. "யாரு தாயி திராட்சை வாங்கியாந்தது?" என்று நர்ஸைக் கேட்டேன். அடுத்த கட்டிலில் கிருமிச் சோதனைக்காக ஒரு பெண்ணின் புண்ணைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றிக்கொண்டிருந்த நீங்கள் சட்டென்று திரும்பினீர்கள். குச்சியைக் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டு மூடிவிட்டு வந்து, கட்டை முகர்ந்து பார்த்தீர்கள். "அண்ணாச்சி, கட்டைப் பிரிக்கச் சொல்லுங்க. இப்பவே." பிரித்தபோது துணி பச்சையாக இருந்தது. அதற்கு மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். காகிதத்தில் 'தீக்காயம்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

தீக்குத் தப்பியவள் எப்படித் தீயில் சாவாள்? அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டுதான் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். "டாக்டரம்மா, என் சம்சாரம் எதுல செத்தா?" என்று வாசலிலேயே கேட்டேன். "நான் கிருமிக்குத்தான் டாக்டர் அண்ணாச்சி. அதுக நல்லாத்தான் இருக்குதுக" என்றீர்கள். சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தீர்கள்.

சூடோமோனாஸ் என்று அந்தக் கிருமியின் பெயரை நானாகவே சொன்னதும் ஆச்சரியப்பட்டீர்கள். "எங்கன படிச்சீக?"

"கழிவுத் தாள்ல. மருத்துவப் புஸ்தகம் எங்க அச்சகத்துலதான் ஓடுச்சு. ஒரு பக்கம் மட்டும் அச்சாகி நின்ன தாளெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோயிருவேன்."

"அப்ப பாதிதான் தெரியும்."

"பாதி தெரிஞ்சாப் போதும், மீதியை நான் யோசிச்சுக்கிடுவேன்" என்றேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த வீம்பாவது வேண்டாமா?

ஒரு கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினீர்கள். அவள் கட்டுத் துணியில் பார்த்த அதே பச்சை, அதே திராட்சை வாசனை. இந்தக் கிருமி கொஞ்சமாக இருக்கும்போது ஒன்றும் செய்யாது, ஒன்றுக்கொன்று சமிக்ஞை விட்டுக்கொண்டு எண்ணிக்கை சேரும்வரை பேசாமல் இருக்கும், போதிய கூட்டம் சேர்ந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் நஞ்சைக் கக்கும் என்றீர்கள். அந்தச் சமிக்ஞையைக் கெடுத்துவிட்டால், கிருமி உயிரோடு இருந்தாலும் கூட்டம் கூடியதே அதற்குத் தெரியாது. அதற்கு வழி தேடுவதுதான் உங்கள் ஆராய்ச்சி. முதல் வாரம் அவள் என்னைக் கேலி பேசிக்கொண்டிருந்தபோதே அது அவள் முதுகில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு டீ ஆறிப்போய்விட்டது.

அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அன்று சொல்லவில்லை. வார்டில் எடுத்த மாதிரிகளை எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு நாலு மாதம் ஆயிற்று. மறுபடி வந்தபோது கதவைச் சாத்திவிட்டுச் சொன்னீர்கள்: "குழாய்ல இருந்துச்சு அண்ணாச்சி. அதே வம்சம்தான் வாளித் தண்ணியிலயும் இருந்துச்சு. உங்க வீட்டம்மா புண்ணுல இருந்ததும் அதேதான். தீப் பட்டதும் தண்ணி ஊத்துறது சரி. கட்டுப் போட்டப்புறம் ஊத்தக் கூடாது." குழாய், வாளி, புண் என்று மூன்று சொன்னீர்கள். வாளிக்கும் புண்ணுக்கும் நடுவில் யார் கை இருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு எழுதினேன், கலெக்டருக்கு எழுதினேன், மனு நாளில் வரிசையில் நின்றேன். என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிளார்க்குகள் முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில் குழாய்களை மாற்றினார்கள், தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். வெற்றியைச் சொல்ல மனுவின் நகலோடு உங்களிடம் ஓடி வந்தேன். இரண்டு தடவை படித்தீர்கள்.

"நல்ல காரியம். ஆனா பாதியைத்தான் எழுதியிருக்கீக."

"எந்தப் பாதி?"

"வாளி எங்க அண்ணாச்சி? குழாயை மாத்துனா அது இன்னொரு குழாய்ல வரும். சனங்க கட்டை நனைக்கிறதை நிறுத்தணும். நான் சொன்னா, படிச்ச பிள்ளை பேசுதுன்னு போயிருவாக. நீங்க சொல்லணும், நனைச்சவுக."

"என்னைக் கொலைகாரன்கிறீகளா?"

"அப்படிச் சொல்லல. ஒருபக்கம் அச்சான தாள்லயே படிச்சுப் பழகிட்டீக. மறுபக்கம் வெள்ளையா இருந்தா அங்கன ஒண்ணுமே இல்லைன்னு நினைக்கிறீக."

மனுவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பின் இரண்டு வருடம் பேசவில்லை. நீங்கள் இரண்டு தடவை போன் செய்தீர்கள். பெயரைப் பார்த்துக்கொண்டே அடிக்கவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த வார்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. "கட்டுல தண்ணி படக் கூடாது" என்று கட்டில் கட்டிலாகச் சொல்வேன். ஏன் என்று கேட்டால் குழாயைத் திட்டுவேன். முகத்துக்கு நேரே தலையாட்டுவார்கள். மறுவாரம் போனால் கட்டு ஈரமாகத்தான் இருக்கும்.

நேற்று உங்கள் வீட்டு வாசலில் உங்கள் அண்ணன் என்னைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்தார். மிளகாய் வற்றல் கடையை அடைத்துவிட்டு வந்தவர், கையில் இன்னும் அந்த நெடி. "தங்கச்சி உங்களைப் பத்திப் பேசும் அண்ணாச்சி. 'அம்புட்டுக் கிருமியையும் வழிக்குக் கொண்டாந்துருவேன், இந்த மனுசனை முடியல'ன்னு சிரிக்கும்" என்றார். நீங்கள் இரண்டு மாதம் படுக்கையில் இருந்தீர்களாம். எனக்குச் சொல்ல வேண்டாம் என்றீர்களாம். அந்த போன் இரண்டும் அதற்கு முன்னால் வந்தவையா, படுக்கையிலிருந்து வந்தவையா? கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்று வியாழன். காலையில் வார்டுக்குப் போனேன். ஆமத்தூர்க்காரன் ஒருவன், இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும், மனைவியின் கட்டின் மேல் மக்கால் ஊற்றிக்கொண்டிருந்தான். எவ்வளவு பக்குவமாக ஊற்றினான் தெரியுமா? ஒரு சொட்டு படுக்கையில் விழவில்லை. "ஊத்தாதப்பா" என்றேன்.

"எரியுதுங்குறா. நீங்க யாரு, டாக்டரா?"

குழாய் என்று வாய்வரைக்கும் வந்தது.

"இல்லப்பா. என் சம்சாரத்துக்கு நானும் இப்படித்தான் ஊத்துனேன். நெருப்புல அவ சாகல. நான் ஊத்துன தண்ணியில இருந்த கிருமியில செத்தா."

அவன் மக்கைக் கீழே வைத்தான். வைத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்தப் பெண் மட்டும், "எரியுதே, அதுக்கு என்ன செய்ய?" என்றாள். நர்ஸைக் கூப்பிட நடந்தேன்.

டாக்டரம்மா, குழாயின் மேல் எனக்குள்ள கோபம் குறையவில்லை, குறையாது. யாரும் சொல்லித்தரவில்லை என்ற வழக்கையும் வாபஸ் வாங்க மாட்டேன். நீங்கள் உயிரோடு இருக்கும்போது வாளியைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதையும் நான் சுமந்துகொள்கிறேன். அந்த வார்டில் இன்னும் ஆறு கட்டில்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாளி. எல்லாரிடமும் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும், என் கையிலிருந்து ஆரம்பித்து.