புள்ளியில் தொடங்கும் கோப்பு

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

விழுப்புரத்தில் ஏழேகாலுக்கு ஏறினால் திண்டிவனத்தில் எட்டேகாலுக்கு இறக்கிவிடுகிறார்கள். இன்று உட்கார இடம் கிடைத்தது. நல்ல விஷயம் அதோடு முடிந்தது.

நாற்பது புதுப் பெட்டிகள் தீபாவளிக்கு முன் பால் சொசைட்டிகளுக்குப் போக வேண்டும். பாலின் எடையையும் கொழுப்பையும் பார்த்து, ஊற்றியவர் கையில் சீட்டு அச்சடித்துக் கொடுக்கும் பெட்டி. எங்கள் கம்பெனி செய்வது அது ஒன்றைத்தான். புதுப் பெட்டியில் போர்டு மாறிவிட்டது, பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளான பழைய கெர்னல் அதில் ஓடாது. புதிதாக ஒன்று கட்ட வேண்டும். கட்டும் முன் கெர்னல் ஆயிரக்கணக்கில் கேள்வி கேட்கும். இது வேண்டுமா, வேண்டாமா, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாமா என்று. பதில்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். பழைய கோப்பு கையில் இருந்தால் அதையே புதுக் கெர்னலுக்கும் கொடுத்துவிட்டு, புதிதாக வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

அந்தக் கோப்பு இல்லை.

நெடுஞ்செழியன் அண்ணன் நான்கு வருடம் உட்கார்ந்து சேர்த்த பதில்கள் அவை. மே கடைசியில் அவர் புதுச்சேரியில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருடைய வேலை எனக்கு வந்தது. நாற்காலியும் வந்தது, ஒரு பக்கம் சாயும்.

முதலாளி மாசிலாமணி சார் கேட்டதும் யோசிக்கவே இல்லை. "அவன்தான் எடுத்துகினு போயிட்டான். நல்ல வேள, ரிலீவிங் லெட்டர் இன்னும் குடுக்கல. ஃபைல் வரட்டும், அப்புறம் லெட்டர் போவட்டும்."

நான், "இருக்கலாம் சார்" என்றேன்.

ஆகஸ்ட் 20

அண்ணனின் பழைய கம்ப்யூட்டரைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டேன். கெர்னல் ஃபோல்டர் இருக்கிறது, கோப்பு மட்டும் இல்லை. வாராவாரம் எடுக்கும் பேக்கப்பிலும் இல்லை. கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும். அப்படிப்பட்ட பெயர்கள் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. எங்கள் பேக்கப்பும் சாதாரணமாகத்தான் பார்க்கிறதாம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள்.

ஆகஸ்ட் 21

போர்டு விற்றவர்கள் கொடுத்த பொதுவான கோப்பை வைத்துக் கட்டினேன். பெட்டி எழுந்தது, எடை காட்டியது, சீட்டு அச்சாகவில்லை. சீட்டு கொடுக்காத பெட்டியை எந்தச் சொசைட்டியில் வைத்தாலும் வைத்தவரை அடிப்பார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

டெஸ்பாட்ச் பார்க்கும் அஸ்வினிக்கு மாமியார் வீடு கெடார். நெடுஞ்செழியன் அண்ணனுக்கும் அதே ஊர். சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"அவுங்க புதுக் கம்பெனில செப்டம்பர் முப்பது வரைக்கும்தான் டைம் குடுத்துக்கிறாங்களாம் அக்கா. பழைய எடத்து லெட்டர் வரலன்னா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்களாம். அந்த அண்ணி மாசமா வேற கீறாங்க."

"ஃபைலக் குடுத்துட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் நியாயமாகவே இருந்தது.

"எடுத்திருந்தாத்தானே குடுக்கறதுக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 26

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இதுவரை தட்டிய கட்டளைகள் எல்லாம் வரிசையாகப் பதிவாகி இருக்கும். அண்ணன் போகும்போது என்ன செய்தார் என்று பார்க்கத்தான் திறந்தேன். அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகத்தான். அவர் ஒன்றும் அழிக்கவில்லை. மே முப்பதோடு அவர் பெயர் நின்றுவிட்டது.

ஜூன் 11. என் பெயர். 'மேக் எம்ஆர்ப்ராப்பர்.'

ஞாபகம் வந்துவிட்டது. அண்ணனின் வேலை என் கைக்கு வந்த புதிதில் கெர்னலைத் தனி ஃபோல்டரில் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். 'மூல ஃபோல்டர் சுத்தமாக இல்லை, இந்தக் கட்டளையைக் கொடுங்கள்' என்று அதுவே கேட்டுக்கொண்டது. மரியாதையாகக் கேட்டது, கொடுத்தேன். அது சுத்தம் செய்தால் அரைகுறை என்பதே கிடையாது. கட்டியதைத் துடைக்கும், கூடவே பதில்கள் இருக்கிற கோப்பையும் துடைக்கும். ஒரு வார்த்தை கேட்காது. அன்றைக்கு வேறு அவசர வேலை வந்து, அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

நான்தான். நானேதான். அவரு எடுக்கல. ஐயோ, நான் போயி "இருக்கலாம் சார்"னு சொன்னேனே. வாய வெச்சிக்கினு சும்மா இருக்கக் கூடாதா? நாளைக்கே சொல்லிடணும்.

ஆகஸ்ட் 27

விநாயகர் சதுர்த்தி. ஆபீஸ் லீவு. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28

சாருக்குப் பல்வலி. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29

சாருக்குப் பல்வலி இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒரு வழி இருக்கிறது. கெர்னலைக் கட்டும்போது ஒரு வசதியை வைத்துக் கட்டினால், அது தன் பதில்களைச் சுருட்டித் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இப்போதுள்ள பெட்டிகளில் அந்த வசதி இல்லை. பெட்டி எழுந்திருக்க நேரமாகிறது என்று சார் எல்லாவற்றையும் வெட்டச் சொல்லிவிட்டார். ஆனால் முதலில் செய்த பத்துப் பெட்டிகளில் இருந்தது.

ரெஜிஸ்டரைப் பார்த்தேன். அந்தப் பத்தில் ஒன்பதை மாற்றியாகிவிட்டது. ஒன்று திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு சொசைட்டியில் இருக்கிறது. பக்கத்தில் அண்ணன் கையெழுத்து: 'செக்ரட்டரி மாற்ற விடவில்லை.'

கோப்பு கிடைத்துவிட்டால் யார் அழித்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? கோப்பு வந்தால் லெட்டர் என்றுதானே சார் சொன்னார். தானாகச் சரியாகிவிடும். நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? இரண்டு தடவை யோசித்தேன். இரண்டு தடவையும் வசதியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

விழுப்புரத்திலிருந்து பஸ். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் கரும்பு.

செக்ரட்டரி செண்பகம் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பெட்டியின் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம், காற்று போகும் ஓட்டையிலும் கொஞ்சம். தொட விடவில்லை.

"பால் ஊத்தறவங்க இல்லாம மிஷின யாரும் தொடக் கூடாதும்மா. இது எங்க சொசைட்டி வழக்கம். முன்ன ஒருத்தரு வந்தாரு, அப்டேட்டுன்னு சொல்லி இன்னாத்தையோ பண்ணிட்டுப் போனாரு. மூணு நாளு எல்லாருக்கும் ஃபேட்டு கொறைஞ்சிகினே வந்துது. நான்தான் திட்டு வாங்கனேன். சாயங்காலம் அல்லாரும் வருவாங்க, அவுங்க முன்னாடி எடு."

நாலரை வரை அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கேப்பைக் கூழும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்தார். நன்றாக இருந்தது.

சாயங்காலம் கேனும் தூக்குமாக முப்பது பேர் வந்தார்கள். பால் அளந்து முடிந்தது, ஒருவரும் போகவில்லை. லேப்டாப்பில் வயரைச் சொருகியதும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இன்னா எடுக்கற?" என்றார் பாண்டுரங்கன் என்கிற பெரியவர். கையில் காலித் தூக்கு.

"ஒரு ஃபைலுங்க. எங்க ஆபீஸ்ல தொலைஞ்சிடுச்சி. இதுக்குள்ள அதோட காப்பி கீது."

"யாரு தொலைச்சது?"

செண்பகம் அம்மா என்னைப் பார்த்தார். முப்பது பேரும் பார்த்தார்கள். யார் பெயரைச் சொன்னாலும் அவர்களுக்கு ஒன்றுதான். நெடுஞ்செழியன் அண்ணன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தாங்க" என்றேன்.

"சரி, எடுத்துக்கோ. எங்க ஃபேட்டு கொறையாம பாத்துக்கோ" என்றார் பாண்டுரங்கன். அவ்வளவுதான். எல்லாரும் கலைந்து போனார்கள்.

கோப்பு இருந்தது. மொத்தமாக இருந்தது. பஸ்ஸில் அழுதேன், ஏன் என்று தெரியவில்லை. தெரியும்.

செப்டம்பர் 8, திங்கள்

பழைய கோப்பைப் புதுக் கெர்னலுக்குக் கொடுத்து, தெரியாத கேள்விக்கெல்லாம் நீயே பதில் போட்டுக்கொள் என்றேன். போட்டுக்கொண்டது. அச்சு வரவில்லை. நடுவில் வந்த வருடங்களில் பிரிண்டருக்கான ஒரு பதிலின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். பழைய பெயர் அதற்கு அடையாளம் தெரியவில்லை, சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டது.

செப்டம்பர் 9

இன்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கச் சொன்னேன். நானூற்றுச் சொச்சம் கேள்வி. விளையாட்டுக்கான கைப்பிடி சேர்க்கட்டுமா? வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக்கான முடுக்கி? பால் அளக்கிறோம், வேண்டாம். முன்னூற்றுப் பதினேழாவதாக வந்தது நான் தேடிய கேள்வி. ஆம் என்றேன்.

மூன்றரைக்கு முதல் சீட்டு அச்சானது. எடை பூஜ்யம், கொழுப்பு பூஜ்யம். இவ்வளவு அழகான பூஜ்யத்தை நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

சார் எல்லாரையும் கூப்பிட்டு லட்டும் மிக்சரும் கொடுத்தார்.

"பாத்தீங்களா? அவன் எடுத்துகினு போனத ஜெசிந்தா ஊர் ஊராப் போயித் தேடிக் கண்டுபுடிச்சிது. இனிமே டெக்னிக்கல் ஹெட்டு இதுதான்."

"அப்போ அண்ணனுக்கு லெட்டர் சார்?" என்றாள் அஸ்வினி.

"ஃபைல அவனா குடுத்தான்? திருட்டுப் பயலுக்கு இன்னாத்துக்கு லெட்டரு?"

நான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு "தேங்க்ஸ் சார்" என்றேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை. அஸ்வினி மிக்சரை எடுக்காமலேயே போய்விட்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று வரிசையில் நின்று, பாதியில் வந்துவிட்டேன். அவர் மன்னித்துவிடுவார். புதுச்சேரிக்காரர்கள் கேட்பது அவருடைய கடிதத்தை இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஜூன் 11 கட்டளையை அச்சடித்துக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். எது என்ன என்று விளக்கினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் படித்தார்.

"இத இன்னாத்துக்கும்மா எங்கிட்ட சொல்ற? வேலதான் முடிஞ்சிடுச்சே."

"அவரு எடுக்கல சார். அவருக்கு லெட்டர் குடுக்கணும்."

"நான் நாலு பேருகிட்ட சொல்லிட்டேன்மா. ஒலக்கூர் சொசைட்டி மீட்டிங்கில கூடச் சொன்னேன். இப்பக் குடுத்தா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

"நான் அழிச்சேன்னு எழுதிக் குடுக்கறேன் சார். அத அவுங்ககிட்ட காட்டுங்க."

"எழுதிக் குடுத்தா உன் சர்வீஸ் ஃபைல்ல ஏறும். அப்புறம் ஹெட்டு போஸ்ட்டெல்லாம் கேக்கக் கூடாது."

"கேக்கல சார்."

சார் மேஜை டிராயரைத் திறந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். ஏழு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன், பசித்தது.

செப்டம்பர் 18

அண்ணனின் லெட்டரை என்னையே டைப் செய்யச் சொன்னார். "பழசு ஒண்ணு இருக்கும், பேர மட்டும் மாத்திப் போடு." பழசில் 'மருத்துவக் காரணத்தால் விலகினார்' என்று இருந்தது. பெயரை மட்டும் மாற்றவில்லை. வரிவரியாகப் படித்து மாற்றினேன். சார் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப். 'லெட்டர் வந்திடுச்சி ஜெசி. அஸ்வினி எல்லாம் சொல்லிச்சி. இது உனக்குத்தான்.' கூடவே சுருக்கிய ஃபோல்டர் ஒன்று.

உள்ளே கோப்பு இருந்தது. நான் அழித்த அதே கோப்பு, புள்ளியோடு.

கீழே ஒரு குரல் பதிவு. மூன்று தடவை கேட்டேன்.

"கடைசி நாளு சாயங்காலம் உன் கைல குடுக்கலாம்னு பென் டிரைவ்ல எடுத்து வெச்சேன். சார் மதியமே என்ன வெளிய அனுப்பி வாசக் கேட்டைச் சாத்திட்டாரு. பென் டிரைவு பையிலயே வந்துடுச்சி. அப்புறம் நான் திருடிட்டேன்னு பேச்சு. அப்ப இதக் குடுத்தா ஆமான்னு ஆயிடும். குடுக்கலன்னாலும் ஆமான்னுதான் ஆவுது. நான் இன்னா பண்றது, சொல்லு? நீ ஒரு போன் போட்டுக் கேப்பன்னு பாத்துகினே இருந்தேன்."

கோப்போடு பதினொரு பக்கம் குறிப்பும் இருக்கிறது, எந்தப் பதில் எதற்கு என்று. பிரிண்டருக்கு மட்டும் இரண்டு பக்கம். தேதி மே 29. ஃபோல்டருக்கு அவர் வைத்த பெயர் 'ஜெசிந்தாவுக்கு'.

மதியம் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 23

அண்ணனுக்குப் போன் செய்தேன். அன்றைக்குச் சார் முன்னால் நான் 'இருக்கலாம் சார்' என்றதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"பிரிண்டரு வேல செய்யுதா?" என்றார்.

"செய்யுதுண்ணா" என்றேன்.