நோ லோக்கல் மேடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

மூட்டம். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் வடிந்து செங்கம் ரோடு முழுக்கப் பேப்பர் தட்டு. கடை வாசலை இரண்டு தடவை பெருக்கினேன்.

மதியத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரம்மா. வாங்கியது ஒரு சோப்பு. பார்த்தது கடை முழுக்க. பருப்பு மூட்டையைப் படம் எடுக்கிறாள். பெருங்காய டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். தியானத்துக்கு வந்தவளுக்குப் பெருங்காயம் எந்த ஊராக இருந்தால் என்ன? கலப்படம் பிடிக்கிற ஆபீஸ்காரர்கள் இப்போது இப்படியும் ஆள் அனுப்புகிறார்களோ என்னவோ.

போகும்போது கடலெண்ணெய் பாட்டிலைத் தொட்டு, "லோக்கல்?" என்றாள். சுருக்கென்றது. மச்சான் ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் செக்கில் ஆட்டித் தருகிற எண்ணெய். அதைப் போய் லோக்கல் சரக்கா என்கிறாள்.

"நோ லோக்கல் மேடம். எல்லாமே ஃபஸ்ட் குவாலிட்டி."

முகம் வாடிவிட்டது. ஏதோ கண்டுபிடிக்க வந்து கிடைக்கவில்லை போல. தொலைந்தது.

பிப்ரவரி 4, புதன்

கரண்ட் இல்லை. பால் திரிந்துவிட்டது. அந்தம்மா எதிர்க்கடையில் அரை மணி நேரம். என்ன பேச்சோ.

ஏழுமலை போன். "மாமா, பாமாயில் ரேட்டு எறங்கிப்போச்சு. நம்ம எண்ணெய ஒருத்தனும் கேக்கல. இந்த மாசம் தள்ளிவுடலன்னா செக்க நிறுத்திட்டு உங்க கடையில வந்து பொட்லம் மடிக்கிறேன்."

ஏன் இறங்கியது என்றேன். வரியைக் குறைத்துவிட்டார்களாம், கப்பல் கப்பலாக வருகிறதாம். யார் பார்த்தது?

பாவம் அவன். இரண்டு பிள்ளைகள்.

பிப்ரவரி 6, வெள்ளி

மகள் துளசிக்குப் பரீட்சை. வீடு முழுக்க "உலகமயமாதல் என்பது" என்று ஒரே சத்தம். அந்தம்மாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். சிரிக்கிறாள்.

"ஆபீசரும் இல்ல ஒண்ணும் இல்லப்பா. ப்ரொஃபசர். எங்க காலேஜ்ல வந்து பேசுனாங்க. எந்தப் பொருள் எந்த நாட்ல இருந்து வருது, யாருக்கு லாபம், அதான் அவங்க சப்ஜெக்டு. இருவது பசங்கள கூட்டியாந்து மூணு மாசம் தங்கப்போறாங்க. சமையலுக்கு லோக்கல் எண்ணெய்தான் வேணுமாம்."

"லோக்கலா?"

"அவங்களுக்கு லோக்கல்னா ஒசத்திப்பா."

நம்ப முடியவில்லை. கடைக்கு வந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். துவரம்பருப்பு மொசாம்பிக். பெருங்காயப் பிசின் ஆப்கானிஸ்தான். பாமாயில் இந்தோனேசியா. தராசு முள்ளைக்கூடச் சந்தேகப்படுகிறவன் நான். பருப்பைச் சந்தேகப்பட்டதே இல்லை.

"அப்ப சாம்பார்ல நம்மூரு எதும்மா?"

"தண்ணிதாம்பா."

பிப்ரவரி 7, சனி

வெயில் ஏறிவிட்டது. போர்டு மாட்டினேன்: லோக்கல் கடலெண்ணெய். இங்கிலீஷிலும் தமிழிலும்.

முதலில் வந்தது அர்ச்சகர் வீட்டம்மா. வருஷக் கணக்கில் வாடிக்கை. போர்டைப் படித்து, எடுத்த பாட்டிலைத் திரும்ப வைத்தார். "இத்தனை நாளா லோக்கல் எண்ணெயா குடுத்துண்டிருந்தேள்?" விளக்குவதற்குள் படி இறங்கிவிட்டார்.

சாயங்காலம் வெள்ளைக்காரம்மா. போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டியூஸ்டே நோ லோக்கல். டுடே லோக்கல்?"

கோபம் இல்லை. ஒரு மாதிரியான சிரிப்பு. தெரிந்த சிரிப்புதான். எடை குறையும்போது மொத்த வியாபாரியைப் பார்த்து நான் சிரிப்பது. என்னை ஒருத்தர் அப்படிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது.

நாளைக்குச் செக்கையே காட்டுகிறேன் என்று துளசியை விட்டுச் சொல்லவைத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆட்டோவில் மூவரும். வழியெல்லாம் கடலைக் கொல்லை, பச்சைப் பசேலென்று. கை நீட்டி நீட்டிக் காட்டினேன். "லோக்கல் மேடம். திஸ் ஆல்சோ லோக்கல்." அந்தம்மாவுக்கு மகிழ்ச்சி. எனக்கு அதைவிட.

ஏழுமலையிடம் வருகிறோம் என்று மட்டும் சொன்னேன், எதற்கென்று சொல்லி வைக்கவில்லை. சொந்தக்காரனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். சலவைச் சட்டையோடு நின்றான். கடலை எங்கிருந்து என்று துளசி கேட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"லோக்கல் மல்லாட்டைய நான் தொட்றதே இல்ல மேடம். நயம் குஜராத்து மல்லாட்ட."

துளசி மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தாள். லோக்கலும் குஜராத்தும் அந்தம்மாவுக்குப் புரியாதா.

தனியே இழுத்துக் கேட்டேன். "நம்மூரு மல்லாட்டைய ஏவாரி மொத்தமா ஏத்திக்கினு பூட்றான் மாமா, கப்பலுக்கு. ரேட்டு ஜாஸ்தி. குஜராத்து கம்மி. இல்லன்னா பாமாயிலோட எப்பிடி மோதறது? நான் எதாவது தப்பா சொல்லிட்டனா?"

இல்லைடா என்றேன்.

அந்தம்மா ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டாள், மரியாதைக்கு. ஆட்டோவில் திரும்பும்போது அதே கடலைக் கொல்லையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் சொன்னது சத்தியமான வார்த்தை.

பிப்ரவரி 10, செவ்வாய்

போர்டை இறக்கியாயிற்று. ஆணி வரவில்லை.

ஏழுமலை போன். "நாளைக்கி காலையில வர்றேன் மாமா. பொட்லத்துக்குப் பேப்பர் இருக்குதா, நான் எடுத்தாரட்டா?"

இருக்கிறது என்றேன்.