ஒலிப்பதிவை அழிக்குமுன்

தோழி,

ஒலிப்பதிவுக் கருவியின் துணிப்பையைத் திறந்ததும் கருவாட்டு மணம் எழுந்தது. நாயாற்றுக் கரையிலிருந்து திரும்பிய அன்று அதனைக் கருவாட்டுப் பொதியோடு சேர்த்து வைத்தவர் நீர். பொத்தானை அழுத்தினேன், உமது குரல் வந்தது. "சிவப்பு லைற்றைப் பாக்காதேங்கோ அக்கா, என்னைப் பாருங்கோ."

நோய் உம்மைக் கொண்டுபோன பின்னர் உமது குரல் எஞ்சியிருப்பது இந்த ஒரு பதிவில் மட்டுமே. இன்று மாலைக்குள் அதனைத் தமக்கு அனுப்புமாறு ஆய்வுத் தலைவர் கேட்டிருக்கிறார். அதில் பேசிய அக்காவோ அழித்துவிடச் சொல்கிறார்.

பல்கலைக்கழக வாசலை நான் மிதித்ததில்லை. மக்களிடம் பேசி அறியும் பண்புசார் ஆய்வின் முறைகளை அகராதியின் துணையோடு நானே கற்றுத் தேர்ந்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. திறந்த வினா, கருப்பொருள், பங்கேற்பாளர் சரிபார்ப்பு என்று நான் அடுக்கும்போதெல்லாம் நீர் சிரிப்பீர். "உதுகளைக் கடலுக்குச் சொல்லும், நண்டு தானா வந்து வலையிலை ஏறும்."

அந்தச் சரிபார்ப்பு நாளை மறக்க இயலவில்லை. மக்கள் சொன்னதை நாம் சரிவர விளங்கிக்கொண்டோமா என்று அவர்களுக்கே வாசித்துக் காட்டத் தேவாலய மண்டபத்தில் கூடியிருந்தோம். நண்டு வாங்கும் முதலாளி அழையாமலே வந்தார். கரையின் வழக்கப்படி முன்வரிசைக் கதிரையை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

அடுத்து நீர் வாசிக்கவிருந்த பந்தியில், அவர் தராசில் கைவைத்து நிறையைக் குறைக்கிறார் என்று அக்கா சொன்னது இருந்தது. பெயரை மாற்றியிருந்தோம். ஆனால் 'தனியே வள்ளம் எடுத்து நண்டுவலை விடும் பெண்' என்ற வரி அப்படியே நின்றது. அந்தக் கரையில் அப்படித் தொழிலுக்குப் போகிறவர் அக்கா ஒருவரே. நண்டு ஏற்ற வரும் லொறியும் அந்த முதலாளியுடையது ஒன்றே. மூன்றாம் வரிசையில் அக்கா சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

நீர் நிறுத்தினீர்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டீர்? வாசியும்," என்றார் முதலாளி.

"எழுத்து விளங்கேல்லை ஐயா."

"இஞ்சை தாரும், எனக்குக் கண் நல்லாத் தெரியும்." அவர் கையை நீட்டினார். மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை.

நீர் தாளை மடித்தபடி என்னைக் காட்டினீர். "எழுத்துப்பிழையோடை ஒரு தாள் வெளியிலை போனா, உந்த இலக்கணப் பெருமாட்டி என்னைக் கொண்டுபோடுவா. ஐயா தான் பிறகு செத்தவீட்டுச் சிலவைப் பாக்கோணும்."

முதலில் சிரித்தவர் அவர்தான். நீட்டிய கை மடிக்குத் திரும்பியது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நீர் சொன்னீர்: "ஒப்புதல் எண்டது கையெழுத்தோடை முடியிறேல்லை. அவைக்குப் பயம் வாற நேரமெல்லாம் திரும்பக் கேக்கோணும்." நான் கற்ற நூல்களிலும் அது இருந்தது. எனினும் அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

ஆகையால் நேற்று நாயாற்றுக்குப் போய்க் கேட்டேன். அக்கா வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். "சொன்னது பொய்யில்லை, தங்கச்சி. ஆனா இப்பவும் முதலாளியின்ரை லொறிதான் வருது. அந்தப் பந்தியை எடுத்துப்போட்டு, குரலையும் அழிச்சுப்போடுங்கோ." ஒரு சிக்கை அவிழ்த்துவிட்டு, "அந்தப் பிள்ளையின்ரை குரலும் அதிலை இருக்கெல்லே?" என்றார்.

இன்று காலை ஆய்வுத் தலைவர் தொலைபேசியில் பொறுமை இழந்தார். "அந்தப் பந்தியிலைதான் அறிக்கையின்ரை உயிரே இருக்கு. பேரை மாத்தியாச்சுத்தானே, பிறகென்ன?"

"பெயரை மாற்றினால் ஆளை மறைத்ததாகாது, ஐயா. பேசியவர் தமது ஒப்புதலைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். தர இயலாது."

"அப்ப அடுத்த ஆய்வுக்கு வேறை ஆளைப் பாக்கிறன்," என்று தொடர்பைத் துண்டித்தார்.

பரந்தனில் இந்த மேசையில் கருவி என்முன் கிடக்கிறது. இன்னொரு முறை கேட்டேன். பிறகு அழித்தேன். திரையில் ஒன்றும் இல்லை.

இந்த ஆய்வில் எஞ்சியிருக்கும் கடைசி நேர்காணல் நாளை புதுக்குடியிருப்பில். எதிரே இருப்பவரின் கண் கருவிக்குப் போகும்போது, உமது வாயில் வந்தபடியே சொல்வேன்: சிவப்பு லைற்றைப் பாக்காதேங்கோ அக்கா, என்னைப் பாருங்கோ.